மஞ்சள் பூசிய முகமும் மூன்று தீர்ப்புகளும்

1

“மார்ச் 4, செவ்வாய். காலை: இன்னும் காயவில்லை. மதியம்: சீழ் பிடித்திருக்கிறது. மாலை: முழுக்கக் காய்ந்துவிட்டது. சனிக்கிழமை விமானம்.”

போன வருடத்து நாட்குறிப்பில் நான் எழுதியிருப்பது இவ்வளவுதான். இந்த வருடம் அதே தேதி வந்தபோது, போன வருடம் இதே நாளில் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று புரட்டினேன், கண்ணில் பட்டது. இப்படிப் புரட்டிப் பார்ப்பது என் பழக்கம். பேருந்து நிறுவனம் ஒன்றில் கால அட்டவணை தயாரிக்கும் வேலை எனக்கு. தேதி பார்க்காமல் நான் உப்பு டப்பாவைக்கூடத் திறப்பதில்லை என்பாள் என் மனைவி சுதா.

மூன்று தீர்ப்புகளும் ஒரே முகத்தைப் பற்றியவை. முகம் எங்கள் மகள் இனியாவுடையது. அவளுக்குப் பதினோரு வயது. தீர்ப்புச் சொன்ன மூவரும் படித்தவர்கள், அக்கறையானவர்கள். யாரும் அலட்சியமாகப் பார்க்கவில்லை. அதனால்தான் இதை எழுதத் தோன்றியது.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில் ஷெஃபீல்டு என்ற ஊரில். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து வந்தவனுக்கு இது அப்படியொன்றும் அந்நியமான இடமில்லை. எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் முனையில் ஒரு மேடு எழுந்து நிற்கும். சித்தேரி மலைப் பக்கம் மழை எப்போது வரும் என்று அண்ணாந்து பார்ப்போம். இங்கே எப்போது நிற்கும் என்று பார்க்கிறோம். மற்றபடி எல்லாம் பழகிவிட்டது.

2

சனிக்கிழமை விமானம் எதற்கு என்பதைச் சொல்ல வேண்டும்.

கம்பைநல்லூரில் இருக்கும் என் அக்காவின் மகள் கவிதாவுக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்கு நாள் குறித்தாயிற்று. நான் தாய்மாமன். எங்கள் பக்கத்தில் மாமனும் மாமன் மனைவியும் ஜோடியாக நின்று தட்டு வைக்க வேண்டும். முதல் வளையலை மாமன் மனைவிதான் போட வேண்டும். அக்காவுக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே மாற்று ஏற்பாடு கிடையாது.

“நீ மட்டும் வந்து நின்னா நல்லாருக்காதுடா தம்பி. நாலு பேரு கேப்பாங்க. சுதாவையும் கூட்டிட்டுத்தான் வரணும்” என்று அக்கா மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இனியாவும் ஆவலாக இருந்தாள், அது அதிசயம். இரண்டு வருடமாக ஊர் என்றால் “வைஃபை இருக்குமா?” என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். ஆனால் கவிதாவிடம் மட்டும் அவள் தமிழில் பேசுவாள், தப்பும் தவறுமாக. முறைக்கு அண்ணி; இவள் “கவி அக்கா” என்றுதான் கூப்பிடுவாள். திருத்தித் திருத்தி நாங்களும் ஓய்ந்துவிட்டோம். போனில் இருவரும் ஒரே விளையாட்டை எதிரெதிராக விளையாடுவார்கள். குழந்தை பிறந்தால் தனக்கு இன்னொரு ஆட்டக்காரர் கிடைப்பார் என்று இவள் கணக்கு.

பயணத்துக்கு முந்தைய வாரம் அவள் வகுப்பில் இருவருக்கு அம்மை என்று பள்ளியிலிருந்து ஒரு வரித் தகவல் வந்தது. இங்கே அது ஜலதோஷம் மாதிரி. யாரும் கலவரப்படுவதில்லை. வியாழனன்று குளித்துவிட்டு வந்த இனியா வயிற்றைக் காட்டினாள். “அம்மா, இது என்ன, கொசுவா?”

பிப்ரவரிக் கடைசியில் ஷெஃபீல்டில் கொசு கிடையாது.

3

சுதா மாரண்டஹள்ளிக்காரி. சம்பளப் பட்டியல் போடும் மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது அவள் வேலை. எதையும் ஒன்றுக்கு இரண்டு முறை சோதித்த பிறகே நம்புவாள். ஆனால் அன்றைக்கு மருத்துவமனை வரவேற்பாளரிடம் பேசும்போது நோயின் பெயரைச் சொல்ல மறுத்துவிட்டாள். ஆங்கிலத்தில்கூட. “நீங்களே சொல்லுங்க” என்று போனை என்னிடம் நீட்டினாள். “அம்மா வந்துருக்கறப்ப பேரைச் சொல்லிக் கூப்புடுவாங்களா?”

இருபது வருடமாக இந்த நாட்டில் அவள் வெள்ளிக்கிழமை விளக்கைக்கூட நினைவிருந்தால்தான் ஏற்றுவாள். அன்றைக்கு எங்கிருந்தோ எல்லாம் கிளம்பி வந்துவிட்டன. தாளிக்கக் கூடாது. தலையில் தண்ணீர் படக் கூடாது. எண்ணெய் வைக்கக் கூடாது, சீப்பு படக் கூடாது. வேப்பிலைக்கு எங்கே போவது? இந்தியக் கடையில் வேப்பிலைப் பொடி கிடைத்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த மஞ்சளை அதனுடன் குழைத்து, அரிக்கும் இடமெல்லாம் தடவினாள். இனியா கண்ணாடியைப் பார்த்துவிட்டு, தன் தோழிகள் யாரும் வீட்டுப் பக்கம் வரக் கூடாது என்று உத்தரவு போட்டாள்.

இனி விமானம். அம்மை கண்டவர்களைக் கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகுதான் ஏற்றுவார்கள். நீர் கோத்த கொப்புளம் ஒன்று இருந்தாலும் அது பக்கத்தில் இருப்பவருக்குத் தொற்றும். ‘எல்லாம் காய்ந்துவிட்டன’ என்று ஒரு மருத்துவர் கடிதம் தர வேண்டும். எங்கள் குடும்ப மருத்துவமனையில் நேரில் பார்க்க வியாழக்கிழமைதான் நேரம் கிடைத்தது. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார என்னால் முடியவில்லை. செவ்வாயன்றே மூன்று கதவுகளைத் தட்டினேன்.

காலையில் தெருமுனை மருந்துக்கடை. அங்கே இருக்கும் மருந்தாளுநர் எங்களுக்கு நன்றாகத் தெரிந்தவர். சுதா அன்றைய பூச்சைப் பூசும் முன்பே இனியாவை அழைத்துப் போய் வாசலில் நிற்க வைத்தேன். அவர் வெளியே வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

“தாடையில் நாலைந்து இன்னும் புதுசு. காயவில்லை.”

மதியம் எங்கள் மருத்துவமனையின் இணையதளத்தில் படம் ஏற்றினேன். ஜன்னலோரம் நிற்க வைத்து, நல்ல வெளிச்சத்தில் எடுத்த ஆறு படங்கள். பார்த்த செவிலியர் ஒரு மணி நேரத்தில் பதில் அனுப்பினார்: மஞ்சள் நிறப் பொருக்கு தெரிகிறது, கிருமி சேர்ந்து சீழ் பிடித்திருக்கலாம், நேரில் பார்த்து மருந்து தர வேண்டும், வியாழக்கிழமை நேரத்தைத் தவறவிடாதீர்கள்.

மாலையில், பயணக் கடிதம் தரும் இணையவழி மருத்துவர் ஒருவருக்கு அதே ஆறு படங்களை அனுப்பினேன். இரவுச் சாப்பாட்டுக்குள் கடிதம் மின்னஞ்சலில் வந்துவிட்டது. எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்டியுள்ளன. பயணம் செய்யத் தடையில்லை. கையொப்பம், பதிவெண், தேதி எல்லாம் சரியாக இருந்தன.

“அப்பா, மூணு பேரும் பாத்தது என்னையத்தானே?” என்றாள் இனியா.

4

வியாழனன்று எங்களைப் பார்த்தவர் விடுப்பில் போனவருக்குப் பதிலாக வந்திருந்த ஒரு பெண் மருத்துவர். நைஜீரியாவில் பிறந்து வளர்ந்தவர், ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். நான் மூன்று தீர்ப்புகளையும் வரிசையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கையுறை போட்டுக்கொண்டு இனியாவின் தாடையை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

“இந்த நிறம் என்ன?”

“மஞ்சள்” என்றாள் சுதா, மெதுவாக. “கூட வேப்பிலை.”

மருத்துவர் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து ஒரு பொருக்கின் மேல் வைத்தார். சுதா என் கையைப் பிடித்தாள். தண்ணீர் படுகிறதே என்று. பொருக்கு கரைந்து பஞ்சில் ஒட்டிக்கொண்டது. அடியில் கொப்புளம் வற்றிச் சின்னதாக இருந்தது. சீழும் இல்லை, கெட்டியான பொருக்கும் இல்லை.

“சரி” என்றார். “செவிலியர் சீழ் என்று பார்த்தது இந்த மஞ்சளை. பயணக் கடிதம் தந்தவர் பொருக்கு என்று பார்த்ததும் இந்த மஞ்சளை. மஞ்சளைப் பற்றி அவர்கள் இருவருக்கும் ஒத்த கருத்து இல்லை, அவ்வளவுதான்.”

இனியாதான் முதலில் சிரித்தாள். சுதாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு அவர் விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். “புத்தகத்தில் சிவப்புத் தோலைக் காட்டித்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். உங்கள் பெண் தோலிலும் என் தோலிலும் அந்தச் சிவப்பு தெரியாது. தொட்டுப் பார்க்க வேண்டும்” என்றார். ஒரு பயிற்சியில் தனக்கும் சக மருத்துவர்களுக்கும் படங்களைக் காட்டி, எது புதியது, எது காய்ந்தது என்று குறிக்கச் சொன்னார்களாம். ஆளுக்கொரு பதில். மதிய உணவுக்குப் பிறகு அதே படங்களை மாற்றி அடுக்கிக் காட்டினார்களாம். “மற்றவர்களோடு ஒத்துப்போகாதது பரவாயில்லை. காலையில் நான் சொன்னதோடு மதியம் நானே ஒத்துப்போகவில்லை. அன்றிலிருந்து படத்தை வைத்து நான் கையெழுத்துப் போடுவதில்லை.”

நான் இதைப் பேருந்து நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு வண்டி நிறுத்தத்துக்கு ‘வந்தது’ என்று எப்போது எழுதுவது? முன்சக்கரம் தொட்டபோதா, கதவு திறந்தபோதா? இதை முதலில் பேசி முடிவு செய்யாவிட்டால் பத்து பரிசோதகர்கள் பத்து நேரம் எழுதுவார்கள். ஒருவரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள்.

“தலையை எப்போது சீவினீர்கள்?” என்று மருத்துவர் கேட்டார்.

இனியா ஆங்கிலத்தில் பதில் சொன்னாள்: ஒரு வாரமாகச் சீப்பையே கண்ணில் காட்டவில்லை, அம்மாவின் சட்டம்.

சிக்கு விழுந்த முடியை அவர் பொறுமையாகப் பிரித்தார். காதுக்கு மேலே ஒன்று. பிடரிக்குச் சற்று மேலே இன்னொன்று. இரண்டும் பளபளவென்று நீர் கோத்து, நேற்று வந்தவை போல இருந்தன. மருந்தாளுநர் பார்க்காத இடம். படத்தில் வராத இடம். நாங்களே தொடாத இடம்.

“நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்றார். “என்னிடம் கேட்டால் சனிக்கிழமைக்குள் இவை காயும் என்றும் சொல்ல மாட்டேன்.”

ஊரில் கருவுற்ற பெண் ஒருத்தி இருப்பதைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். “அவளுக்கு முன்பே ஒரு முறை வந்து போயிருந்தால் பெரும்பாலும் பயமில்லை. வந்ததில்லை என்றால் அவளுக்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. முதலில் அதைக் கேளுங்கள்.”

5

கார் நிறுத்துமிடத்திலிருந்தே அக்காவைக் கூப்பிட்டேன். ஊரில் சாயங்காலம். பக்கத்தில் மச்சான் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“லெட்டர் குடுத்துட்டாங்கல்ல?” என்றாள் அக்கா.

“ஒருத்தரு குடுத்தாரு. ஒருத்தரு குடுக்கல.”

“குடுத்தத எடுத்துக்கிட்டு வாடா. தலையில ஒண்ணு ரெண்டு இருந்தா யாரு முடியப் பிரிச்சுப் பாக்கப் போறா? துப்பட்டா போட்டுக் கூட்டிட்டு வா. பிள்ளைய பாப்பிரெட்டிப்பட்டி வூட்ல விட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் இங்க வந்துருங்க.”

“யாருகூட விடறது? அப்புறம் ஏரோப்ளேன்ல பக்கத்துல யாரு உக்காருவாங்களோ. அது இருக்கட்டும் அக்கா, கவிதாவுக்குச் சின்ன வயசுல அம்மை வந்துச்சா?”

“வந்துச்சே! ரெண்டு பேருக்கும்தான். மொதல்ல பெரியவனுக்கு, அப்புறம் இவளுக்கு.”

“இல்லடி” என்றது மச்சான் குரல். “பெரியவனுக்கு மட்டும்தான். இவளத்தான் எங்க அம்மா வூட்ல கொண்டுபோய் விட்டமே.”

“அது மஞ்சக்காமாலைக்கு.”

“மஞ்சக்காமாலை எனக்குடி!”

எனக்கே ஒரு நினைவு இருக்கிறது. கல்லூரி விடுமுறையில் கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு கம்பைநல்லூர் போனேன். அக்கா வீட்டு நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. “உள்ள வராதடா” என்று அக்கா உள்ளிருந்து குரல் கொடுத்தாள். பழப் பையைக் கதவோரம் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். யாருக்கு என்று கேட்கவில்லை. அதைக் கேட்கும் வழக்கமில்லை. கதவில் வேப்பிலை இருந்தால் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று அர்த்தம். யார்மேல் என்று கேட்பது மரியாதைக் குறைவு. இத்தனை தேதி எழுதி வைத்திருக்கும் நான், எழுத வேண்டியிருந்த அந்த ஒரு பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன்.

அதற்குள் கவிதா போனை வாங்கிக்கொண்டாள். அவள் குரலில் கொஞ்சம் சிரிப்பும் இருந்தது.

“மாமா, இவங்க சண்டைய விடுங்க. எனக்கு நெத்தி ஓரத்துல ஒரு குழி இருக்குதில்ல? நீங்க பிள்ளைக்கு அம்மைன்னு போன வாரம் சொன்னதுமே டாக்டர்கிட்ட காட்டிட்டேன். அரூர் டாக்டர் அம்மை வடுங்கறாரு. தருமபுரி டாக்டரம்மா, பருவக் கிள்ளிக்கிட்ட தழும்பும்மாங்கறாங்க.”

“நீ என்ன சொல்ற?”

“நான் பருவும் கிள்ளியிருக்கேன் மாமா.”

“ரத்தம் டெஸ்ட் பண்ணா தெரியும்கறாங்களே.”

“குடுத்துருக்கேன். வெளியூருக்கு அனுப்பணுமாம். ரிசல்ட் வர்றதுக்குள்ள வளைகாப்பு முடிஞ்சுரும்.” குரலைத் தாழ்த்தினாள். “நீங்க வரணும்னு எனக்கு ஆசைதான். ஆனா பயமா இருக்குது மாமா. அம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.”

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அந்த முனையில் அக்காவுக்குக் கேட்டிருக்கும். இந்த முனையில் சுதாவும் இனியாவும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

6

வீட்டுக்கு வந்தும் கடிதத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். போலியல்ல. நாங்கள் எதையும் மறைத்து வாங்கவில்லை. விமான நிலையத்தில் காட்டினால் ஒருவரும் கேள்வி கேட்கப் போவதில்லை. இந்த நாட்டில் ஒரு காகிதம் இருந்தால் மனிதன் தலைநிமிர்ந்து நடக்கலாம் என்பதை இருபது வருடமாகப் பழகியிருக்கிறேன். காகிதம் இருந்தும் போகாமல் இருப்பது எப்படி என்பது பழக்கமில்லை.

“ரிசல்ட் வந்து, அவளுக்கு முன்னாடியே வந்துருக்குதுன்னு தெரிஞ்சா? சும்மா நின்னுட்ட மாதிரி ஆயிரும் சுதா” என்றேன். “அக்கா வாழ்நாள் பூரா சொல்லிக் காட்டுவா.”

சுதா அடுப்படியில் அந்த மஞ்சள் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அந்த லெட்டர் நம்ம பொண்ணுக்குக் குடுத்தது இல்லீங்க” என்றாள். “நான் குழைச்ச மஞ்சளுக்குக் குடுத்தது. அத எடுத்துக்கிட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் அவ கையில வளையல் போடறது?”

விமானச் சீட்டுகளை அவளே ரத்து செய்தாள். இனியா மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுதாளா என்று தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து விளையாட்டுச் சத்தமும், “கவி அக்கா, சீட்டிங் பண்றீங்க!” என்ற தமிழும் கேட்டன.

சனிக்கிழமை, எங்கள் விமானம் கிளம்பும் நேரத்தில், நான் தோட்டத்தில் பனியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். அது எங்கள் வீட்டுப் பக்கமாகப் போகாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பார்த்தேன்.

வளைகாப்பன்று அக்கா வீட்டில் எங்களுக்காக ஒரு நாற்காலி போட்டு, அதன்மேல் ஒரு போனைச் சாய்த்து வைத்திருந்தார்கள். எங்கள் இருவருக்கும் ஒரே நாற்காலி. யாரோ குனியும்போதெல்லாம் எங்களுக்குப் பட்டுப் புடவையின் கரை மட்டும் தெரிந்தது. முதல் வளையலை மச்சானின் தங்கை போட்டாள். அப்போது கவிதா கையைத் திருப்பி, போனுக்குத் தெரியும்படி காட்டினாள். அக்கா அந்த நாற்காலிப் பக்கமே வரவில்லை.

சுதா அடுத்த வாரம்தான் இனியாவுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றும் முன் ஈரக் கையால் முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தாள், நான் வேறு பார்த்தேன், தன்னையும் கேட்கச் சொல்லி இனியா கைக்கண்ணாடி கேட்டாள். மூவரும் சேர்ந்து ‘காய்ந்தது’ என்றோம். எங்கள் வீட்டில் அபூர்வமாக நடந்த ஒருமித்த தீர்ப்பு அது.

7

கவிதாவுக்குப் பெண் குழந்தை. நலமாக இருக்கிறாள். அக்கா பேச ஆரம்பித்தது பேத்தி பிறந்த பிறகுதான். ஆரம்பித்ததும் எதிர்பார்த்தபடியேதான் ஆரம்பித்தாள்: “வந்துபோனவளுக்கு மறுபடி வராதுன்னு நான் அப்பவே சொன்னேன். நீங்கதான் சும்மா நின்னுட்டீங்க.” பின்னாலிருந்து மச்சான்: “வரவே இல்லடி அவளுக்கு. நின்னதுதான் சரி.” இந்த வழக்கு இன்னும் அங்கே நடந்துகொண்டிருக்கிறது.

இனியாவின் வலது புருவத்துக்கு மேல் ஒரு சின்னக் குழி விழுந்திருக்கிறது. அதைப் படம் எடுத்து, முழுப் பெயர், நோயின் பெயர், தேதி எல்லாம் போட்டு வைத்திருக்கிறேன். நோயின் பெயரை நான் எழுதியபோது சுதா பார்த்தாள், தடுக்கவில்லை. பிற்காலத்தில் எந்த டாக்டரும் அதைப் பரு என்று சொல்ல முடியாது.

கவிதாவின் ரத்தப் பரிசோதனை முடிவைப் பற்றி ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்கிறேன். வந்திருக்கும் என்கிறாள், லேபிலிருந்து வாங்கவில்லை என்கிறாள், “பாப்பா அழுவுது மாமா, அப்புறம் பேசறேன்” என்கிறாள். போன வாரம் இனியாவையே கேட்கச் சொன்னேன். இருவரும் ஏதோ பேசிச் சிரித்தார்கள், முடிவு வரவில்லை. கவிதாவுக்கு அது தெரிய வேண்டியதில்லையோ என்று இப்போது தோன்றுகிறது. எனக்குத்தான் வேண்டியிருக்கிறது.

ஆகவே, இருப்பதை இருந்தபடி குறித்துவைக்கிறேன்: கவிதாவுக்குச் சிறுவயதில் அம்மை வந்ததா, அன்று நான் கொய்யாப்பழம் வைத்துவிட்டுத் திரும்பிய வீட்டில் வேப்பிலை அவளுக்காகவும் செருகப்பட்டிருந்ததா என்பது, இதை எழுதும் இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.